அப்பாவின் பல்லும் அத்தை வீட்டுக் கூரையும்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

விழுப்புரத்தில் குழம்பு கூட்டினால் திண்டிவனம் வரைக்கும் மணக்க வைப்பவரும், கோபம் வந்தால் போனை அணைப்பவரும், கோபம் தணிந்த பிறகும் அதைத் திறக்காதவருமான என் அன்பு அத்தை பவுனு அவர்களுக்கு, தங்கள் அண்ணன் ராஜவேலுவின் ஒரே மகனும் பதினொன்றாம் வகுப்புக் கடைசி பெஞ்சின் நிரந்தரக் குடியிருப்பாளனுமான இனியவன், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, விழுந்த நிலையிலேயே எழுதிக்கொண்டது.

இங்கு நானும் அம்மாவும் முழு நலம். அப்பா முப்பத்தொரு பல் அளவுக்கு நலம். அங்கு நீங்களும் விருத்தாசலம் மாமாவும், புதுத் தோடு போட்ட உங்கள் மகள் வெண்ணிலாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, கேட்க வழியில்லை. அப்பா நம்பர், அம்மா நம்பர், என் நம்பர் எல்லாவற்றையும் பிளாக் செய்துவிட்டீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பி.டி. சாரிடம் கெஞ்சி அவர் போனிலிருந்து அடித்தேன். "அத்த" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், அதுவும் போச்சு. உங்கள் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு மனிதர் இன்று விழுப்புரத்தில் ஒரு வீட்டுக்குப் பகையாளியாக விசில் ஊதிக்கொண்டிருக்கிறார். தபால்காரரை மட்டும் யாராலும் பிளாக் செய்ய முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன். தபால் ஆபீசில் கவர் கேட்டபோது கவுண்ட்டர் அக்கா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லவ் லெட்டரா தம்பி?" என்றார். "இல்லக்கா, பல் லெட்டர்" என்றேன். அவர் கவரை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். வெண்ணிலாவின் காது குத்து விருந்தில் அப்பா நல்லி எலும்பைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார் என்பதுதான் உங்கள் கோபம். கோபம் நியாயமானது. எந்தத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் பிள்ளைக்குக் காது குத்தினார்களோ, அந்த மாமனுக்குத்தான் முதல் இலை. அந்த இலையில் தங்கச்சி தன் கையாலேயே நல்லி எலும்பை வைக்க வேண்டும், அவர் அதைக் கடித்து உடைத்த பிறகுதான் பந்தியில் மற்றவர்கள் சோற்றில் கை வைக்க வேண்டும் என்பது நம் குடும்பத்து வழக்கம். அதை மீறியவர் என் அப்பா. ஆனால் அத்தை, மீறியது அவர் மனசு இல்லை, அவர் கடைவாய். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பிறகு எந்த நம்பரை வேண்டுமானாலும் பிளாக் செய்துகொள்ளுங்கள்.

அப்பா மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர் என்பது ஊரறிந்தது. எடை போடுவதுதான் வேலை, கடிப்பது வேலையில்லை. ஆனாலும் எந்த மூட்டை வந்து இறங்கினாலும் அதிலிருந்து ஒரு வேர்க்கடலைப் பருப்பை எடுத்துக் கடைவாயில் வைத்து, 'கடக்' என்று கடித்து, கண்ணை மூடி யோசித்து, "ஈரம் இருக்குது" என்று தீர்ப்புச் சொல்லுவார். பாதி நேரம் தீர்ப்பு தப்பு. மீதி நேரம் முதலாளி அதைக் கேட்பதே இல்லை. அப்படித்தான் ஒரு நாள் பருப்போடு ஒரு சின்னக் கல்லும் சேர்ந்து வந்திருக்கிறது. சத்தம் அதே 'கடக்'தான். "இன்னாமா காய்ஞ்சிருக்குது!" என்று பாராட்டிவிட்டுத் துப்பியிருக்கிறார். கீழே விழுந்ததில் கால்வாசி பருப்பு, மீதி அவர் பல்.

இரண்டு நாள் கிராம்பு வைத்துப் பார்த்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தார், கன்னம் பன்னு மாதிரி உப்பிய பிறகுதான் அம்மா அவரை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இருக்கிற டாக்டர் அருணாவிடம் இழுத்துக்கொண்டு போனார். நானும் போனேன், வேடிக்கை பார்க்க. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வேர் வரைக்கும் போயிடுச்சுங்க. உள்ள நரம்பைச் சுத்தம் பண்ணி அடைச்சுட்டு, மேல கிரவுன் வைக்கணும்" என்றார். அப்பா வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "கிரவுனா? எனக்கா?" என்றார். "பேர்லயே ராஜா இருக்குது, தலைக்குத்தான் கெடைக்கல, பல்லுக்காவது கெடைக்கட்டும்" என்றேன். அன்று சாயங்காலமே அட்டையில் ஒரு கிரீடம் வெட்டி, தங்கக் கலர் தாள் ஒட்டி, அவருடைய ஹெல்மெட் உச்சியில் பசை போட்டு உட்கார வைத்தேன். மறுநாள் அதோடேயே மண்டி வரைக்கும் போயிருக்கிறார். மேம்பாலத்துக்குக் கீழே டிராபிக் போலீஸ்காரர் அவருக்கு சல்யூட் அடித்ததாக வந்து பெருமையாகச் சொன்னார். காரணம் அவருக்கு இன்னும் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். நரம்பை எடுத்துவிட்ட பல் காய்ந்த குச்சி மாதிரி. வலிக்காது, ஆனால் வெறுமனே விட்டுக் கடித்தால் பிளந்துவிடும். அதனால் அதைச் சுற்றிலும் கொஞ்சம் செதுக்கி, அளவெடுத்து, மேலே தொப்பி மாதிரி ஓர் உறையை மாட்டுவார்கள். அதுதான் கிரவுன். ஊர்வழக்கில் கேப். அசல் கேப் செய்து வர நாளாகும், அதுவரைக்கும் தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்புவார்கள். "இது லேசான பசையிலதான் நிக்குது. இந்தப் பக்கம் கடினமானது வேணாம், ஒட்டுற பண்டம் வேணவே வேணாம். கழண்டுட்டா பத்திரமா எடுத்துட்டு உடனே வந்துடுங்க. கேப் இல்லாம எதையாவது கடிச்சுப் பல் பொளந்துடுச்சுன்னா, அப்புறம் புடுங்கறதைத் தவிர வழியில்லை" என்றார். அப்பா எல்லாவற்றுக்கும், எடைக்கல் ஏறினால் தராசுத் தட்டு ஆடுகிற மாதிரி, தலையை ஆட்டினார்.

தற்காலிகக் கேப்புக்கும் அசல் கேப்புக்கும் நடுவில் வந்து விழுந்ததுதான் அத்தை, உங்கள் வீட்டுக் காது குத்து.

"பவுனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க, பல்லு இப்படி இருக்குதுன்னு" என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டார். அப்பா கேட்கவில்லை. உங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பார்க்க, கலர் பாட்டில் மூடிகளைப் பல்லாலேயே திறந்து கொடுத்தவராம் அவர். அன்றையிலிருந்து உங்கள் மாமியார் வீட்டில் அவருக்குப் 'பல்லு ராஜவேலு' என்று பெயராம். "அந்த வூட்டுல போயி எனக்குப் பல்லு போச்சுன்னு சொன்னா என் மானம் இன்னா ஆவறது?" என்றார். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உங்களுக்குப் பல்லு போயும் சொல்லு நிக்கலியே" என்றார் அம்மா. கடைசியில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சீர்த்தட்டுகளோடு பஸ் ஏறினோம்.

உங்கள் வாசலில் பந்தலுக்குள் கால் வைக்கிறோம், நீங்கள் ஓடி வந்து அப்பாவின் கையில் ஒரு மல்லாட்டை உருண்டையை வைத்து, "அண்ணே, உனக்குன்னே நான் புடிச்சது, துன்னு" என்றீர்கள். உலகத்தில் எத்தனையோ பண்டம் இருக்க, கடினமும் ஒட்டுவதும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே பண்டம் அதுதான். தங்கச்சி கையால் கொடுத்ததை மறுப்பவரா அவர்? இடது பக்கமாகத்தான் வைத்துக் கடித்தார். ஆனால் வெல்லப்பாகுக்கு இடது, வலது தெரியாதே! நாக்கு சுழற்றியது, உருண்டை வலது பக்கம் போனது, திரும்பி வரும்போது கேப்பையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த பூச்சி மருந்து விளம்பரத்தை ரொம்ப ஆர்வமாகப் படிக்கிறவர் மாதிரி நின்று, கேப்பைத் துடைத்துப் பட்டுச் சட்டைப் பையில் போட்டார். பார்த்தது நான் ஒருவன்தான்.

அதற்குள் நேரமாகிறது என்று கூப்பிட்டுவிட்டார்கள். வெண்ணிலா மாமன் மடியில் உட்கார்ந்தாள். பத்தர் ஊசியை எடுத்தார். அவள் போட்ட சத்தத்தில் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். கையும் காலும் நாலாபக்கமும் போனதில் ஒரு கை அப்பாவின் சட்டைப் பைக்குள் நுழைந்து, அகப்பட்டதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தோடு மாட்டி முடித்து, எல்லாரும் வாழைப்பழம் காட்டிச் சமாதானம் செய்தபோது அவள் கையை விரித்தாள். உள்ளங்கையில் வெள்ளையாக அப்பாவின் கேப்.

உங்கள் நாத்தனார் சின்னபொண்ணு அக்காதான் முதலில் பார்த்தார். "ஐயய, புள்ளைக்குப் பல்லு வுழுந்துடுச்சு!" என்று கூவினார். வெண்ணிலாவுக்கு ஏற்கெனவே முன்பக்கம் ஒரு பல் விழுந்து ஓட்டையாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "காது குத்துற நேரத்துல பால் பல்லு வுழறது அம்மாம் விசேஷம்" என்றார் ஒருவர். இப்படி ஒரு விசேஷம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தால் ஓட்டை தெரியும், திறக்காவிட்டால் கேப் போகும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. நீங்கள் அதைக் கையில் வாங்கி ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்தீர்கள். பிறகு, "சாணி கொண்டாங்கடி" என்றீர்கள். அவ்வளவுதான். சாணி உருண்டைக்குள் கேப் போனது. நீங்கள் பின்பக்கம் போய்ச் சமையல்கட்டு சிமெண்ட் ஷீட் மேல் வீசியதும், 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பல் நன்றாக முளைக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொண்டார்கள். "எங்க அப்பா பல்லு மாதிரி முளைக்கட்டும்" என்று நானும் உரக்கச் சொன்னேன். அப்பா என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் ஆறவில்லை.

ஆக, அத்தை, உங்கள் கூரை மேல் இருப்பது வெண்ணிலாவின் பல் அல்ல. பூச்சாண்டி பல்லும் அல்ல. தாய்மாமன் கேப்.

இந்த நிலையில்தான் பந்தி. முதல் இலை. நீங்கள் நல்லியை எடுத்து வந்து வைத்தீர்கள். அத்தனை பேரும் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எலும்பைப் பார்த்தார். எலும்பு அவரைப் பார்த்தது.

"இன்னாண்ணே, பார்த்துக்கினே இருக்கிற?" என்றீர்கள்.

"வயிறு ஒரு மாதிரியா இருக்குது பவுனு."

"உருண்டை துன்னும்போது நல்லாத்தான இருந்துது?"

அப்பா ரசம் ஊற்றுகிறவரைக் கை காட்டிக் கூப்பிட்டார். பதில் சின்னபொண்ணு அக்காவிடமிருந்து வந்தது. "வுடு பவுனு. சீர்த்தட்டை நாம சரியா மரியாதையா வாங்கி வெக்கல போல. மாமனுக்கு மனசு எறங்கல" என்றார். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். நாங்கள் கிளம்பும்போது நீங்கள் வாசல் வரைக்கும் வரவில்லை. பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேரும் வரை அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா திட்டக்கூட இல்லை. அம்மா திட்டவில்லை என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். "கேப் எங்கங்க?" என்று கேட்டார்.

"கூரை மேல."

"எந்தக் கூரை?"

"தங்கச்சி வூட்டுக் கூரை."

"அங்க எப்படிப் போச்சு?"

"சாணில வெச்சு வீசிட்டாங்க" என்றார் அப்பா, ரொம்ப மரியாதையாக. டாக்டர் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லிக் கதையையும் கேட்டுவிட்டு, "நல்ல வேளை, அதோட எலும்பைக் கடிக்காம வந்தீங்க. கடிச்சிருந்தா பல்லே மிஞ்சியிருக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தையை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தை இவ்வளவு எழுதுகிறேன். அப்பா எலும்பை வேண்டாம் என்று தள்ளியது உங்களைத் தள்ளியது அல்ல.

இப்போது அசல் கேப் வந்து பொருத்தியாகிவிட்டது. உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீலக் காகிதத்தை நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார் டாக்டர். அப்பா கடித்தார், கண்ணை மூடினார், "ஈரம் இருக்குது" என்றார். டாக்டர் மறுபடியும் சுவர்ப் பக்கம் போக வேண்டியதாயிற்று.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கைக்குழந்தை வந்த மாதிரி பராமரிப்பு நடக்கிறது. கேப் போட்டாகிவிட்டது, இனி அந்தப் பக்கம் தேய்க்க வேண்டாம் என்று அப்பா நினைத்திருந்தார். டாக்டர் விடவில்லை. கேப் சொத்தை ஆகாது, ஆனால் கேப்பும் ஈறும் சேருகிற ஓரத்தில் அழுக்கு தங்கினால் உள்ளே இருக்கிற சொந்தப் பல் சொத்தையாகும், அதனால் மெதுவான பிரஷ்ஷால் காலையும் இரவும் ஓரம் பார்த்துத் தேய்க்க வேண்டும், பல்லிடுக்கில் அதற்கென்று விற்கிற நூலை விட்டு எடுக்க வேண்டும் என்றார். நூல் என்றதும் அப்பா மண்டியிலிருந்து மூட்டை தைக்கிற சணலைக் கொண்டுவந்து கண்ணாடி முன்னால் நின்றார். அம்மா பிடுங்கி எறிந்தார். கேப் ஆடுகிற மாதிரி இருந்தால் வீட்டில் இருக்கிற பசையைப் போட்டு ஒட்டிக்கொண்டு உட்காரக் கூடாது, நேராக அங்கேதான் போக வேண்டும். பாட்டில் மூடி திறப்பது, நூல் கடிப்பது, ஐஸ் கட்டியை நொறுக்குவது எல்லாம் தடை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். ஒழுங்காக வைத்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேலேகூட உழைக்குமாம். காலையில் கேப் போட்டவருக்குக் கேப்பைக் கூழ்தான். "கூழ் கேப்புக்கு ரொம்ப நல்லது" என்று நான்தான் கிளப்பிவிட்டேன், டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அப்பா நம்பிக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு பேஜாரு பாக்கி. நீங்கள் பேசுவதை நிறுத்தியதிலிருந்து அப்பா தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார். இப்படிக் கடித்தால் கேப் தேயும், விரிசல் விடும் என்கிறார் டாக்டர். தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்யலாம் என்றார். வெளியே வந்ததும் அம்மா, "உறையும் வேணாம் திரையும் வேணாம். பவுனு ஒரு வார்த்த பேசினா நின்னுடும்" என்றார். நடுவில் "பவுனு, பவுனு" என்று உளறுகிறார் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் காலையில் வந்து, தங்கம் விலை இறங்கியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஆகவே கேப்பைப் பாதுகாக்கும் வழிகளில் மிக முக்கியமான ஒன்று டாக்டர் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. முதலில் ஒரு நம்பரையாவது திறந்துவிடுங்கள். பி.டி. சார் நம்பரைக் கடைசியில் திறந்தாலும் போதும். பிறகு ஒரு நாள் எல்லாரும் வாருங்கள். நல்லி எலும்பை உடைக்கத்தான் கூடாது, உள்ளே இருப்பதை உறிஞ்சலாம் என்று டாக்டரிடம் எழுத்துமூலம் வாங்காத குறையாகக் கேட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் உங்கள் கையாலேயே வையுங்கள். அவர் உறிஞ்சுகிற சத்தம் சின்னபொண்ணு அக்கா காது வரைக்கும் கேட்கும்.

மாமாவுக்கு என் வணக்கம். வெண்ணிலாவுக்கு ஒரு முத்தமும், அவளுக்கு இனி முளைக்கப் போவது அவளுடைய பல்தான் என்ற ஆறுதலும். சின்னபொண்ணு அக்காவுக்கும் வணக்கம், கொஞ்சம் தூரத்தில் நின்றபடி. குலதெய்வம் உங்கள் வீட்டில் எல்லாருடைய பல்லையும், அதற்கு மேலாகச் சொல்லையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
கிரவுன் இளவரசர்
ரா. இனியவன்

பி.கு: அத்தை, மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கவரை ஒட்டலாம் என்று நாக்கில் வைக்கிறேன், வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது, தூக்குச்சட்டியோடு நீங்கள் இறங்குகிறீர்கள். "எங்கடா உங்கொப்பன்?" என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அப்பா எதிரில் உட்கார்ந்து, "வாயத் தொற" என்றீர்கள். அவரும் பயந்துபோய்த் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "உம், நல்லாத்தான் போட்டுக்கிற" என்றீர்கள். "ஏண்ணே, பால் பல்லு விழற புள்ளைக்குக் கடைவாய்ப் பல்லு அம்மாம் பெருசா இருக்குமா? கையில எடுத்ததுமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. என் நாத்தனா புரட்டிப் பாக்கறதுக்குள்ள ஜல்தியா சாணில சுருட்டி வீசினேன். நல்லிய வெச்சா, குனிஞ்சு 'பல்லு வலிக்குது பவுனு'ன்னு என் காதுல ஒரு வார்த்த சொல்லுவன்னு பார்த்தேன். சொல்லியிருந்தா நானே எடுத்துட்டிருப்பேன். கூடப் பொறந்தவகிட்டயே வயிறுன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டியே." அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கேப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நீங்கள் வாயைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தீர்கள். இடது பக்கக் கடைவாயில் வெள்ளியாக ஒன்று மின்னியது. இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறதாம். இரண்டு வருஷமாக நீங்கள் வாயைப் பொத்திச் சிரிப்பதை அடக்கம் என்று நினைத்து, "பவுனைப் பார்த்துக் கத்துக்க" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார் இந்த மனிதர். "நீ மட்டும் சொன்னியா?" என்றார் அப்பா. பிறகு இருவரும் வாயை முழுசாகத் திறந்து சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்துவிட்டார். இப்போது தூக்குச்சட்டியைத் திறந்தாயிற்று, உள்ளே நல்லி எலும்பு. நீங்கள் அதை அப்பா இலைக்குத் தள்ளுகிறீர்கள், அப்பா உங்கள் இலைக்குத் தள்ளுகிறார், மறுபடியும் நீங்கள் அந்தப் பக்கம். இப்படியே போனால் இன்னொரு சண்டை வரும். ஆகவே பேனாவை இத்தோடு வைத்துவிட்டுச் சாப்பிட வருகிறேன். என் பல்லெல்லாம் சொந்தப் பல்.